பொட்டாசியம் 9.8 என்றதும் எல்லோரும் கிட்னியைப் பார்க்கிறார்கள், டியூபைப் பார்ப்பவர் யாருமில்லை

குழாயடி

வடசென்னைப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. பயோமெடிக்கல் சயின்ஸ் இரண்டாம் ஆண்டுக்கு கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி எடுக்கிறேன். இன்டர்னல் தேர்வில் ஒரு கேள்வி வைத்தேன். அதைப் பற்றித்தான் இந்த இழை.

34 வயது ஆண். வேலைக்குச் சேர உடல்தகுதிச் சான்றிதழ் கேட்டு வந்தவர். மாடிப்படி ஏறி வந்தார், ஒரு தொந்தரவும் இல்லை என்கிறார். ரிப்போர்ட்டில் சோடியம் 139, பொட்டாசியம் 9.8, கால்சியம் 4.2, அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி 11, யூரியா 24, கிரியாட்டினின் 0.8. உங்கள் கருத்து என்ன?

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் சிறுநீரகச் செயலிழப்பு என்று எழுதிவிட்டார்கள். கிட்னி சரியாக இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 0.8 அதே தாளில் இருக்கிறது. சிலர் அடிசன் நோய், அதாவது அட்ரினல் சுரப்பிக் குறைபாடு என்றார்கள். ஒரு பெண் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி வரைக்கும் போய், கால்சியம் ஏன் குறையும் என்று அரைப் பக்கம் அழகாக எழுதியிருந்தாள். உயிருக்கே ஆபத்தான அளவில் பொட்டாசியம் 9.8 இருக்கிற மனிதர் இப்படிச் சாதாரணமாகப் படியேறி வருவாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த ரத்தம் எந்த டியூபில் வந்தது என்றும் கேட்கவில்லை.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக விடையைச் சொல்லிவிடுகிறேன். ஊதா மூடி டியூபில் இருப்பது பொட்டாசியம் இடிடிஏ, ரத்தம் உறையாமல் தடுக்கும் உப்பு. அந்த ரத்தம் கொஞ்சம் சீரம் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீர்) எடுக்கிற சிவப்பு மூடி டியூபுக்குள் போய்விட்டால் பொட்டாசியம் எகிறும். கால்சியத்தை இடிடிஏ பிடித்துக்கொள்வதால் அது சரியும். அல்கலைன் பாஸ்பேட்டேஸ் வேலை செய்யத் துத்தநாகமும் மக்னீசியமும் வேண்டும். அவற்றையும் இடிடிஏ கவ்விக்கொள்வதால் நொதி படுத்துவிடும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், நோயாளிக்குச் சிகிச்சையைப் பற்றி யோசிப்பதற்கு முன் புதிதாக ஒரு சாம்பிள் எடுக்கச் சொல்ல வேண்டும்.

என் எரிச்சல் என்னவென்றால், இதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். இடிடிஏ என்ன செய்யும் என்று கேட்டால் கால்சியத்தைப் பிடிக்கும், அதனால் ரத்தம் உறையாது என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். அல்கலைன் பாஸ்பேட்டேஸுக்கு எந்த உலோகம் என்றால் அதற்கும் பதில் வரும். தனித்தனி பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்த செமஸ்டரில் பாடத்தைத் தலைகீழாக்கலாமா என்று யோசிக்கிறேன். டியூபிலிருந்து ஆரம்பித்து மெட்டபாலிசத்துக்குப் போவது. துறையில் சொன்னால் "அதெல்லாம் டெக்னீசியன் கோர்ஸ் மேடம், நாம சயின்ஸ் சொல்லித் தர்றோம்" என்கிறார்கள். இங்கே பாடம் எடுப்பவர்கள், லேபில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

நைட் டூட்டி

மேடம், ராயபுரம் பக்கம் ஒரு அரசு மருத்துவமனை லேபில் டெக்னீசியனாக இருக்கிறேன். "அதெல்லாம் டெக்னீசியனுக்கு" என்று சொன்னவரை ஒரு ராத்திரி எங்கள் கவுன்டரில் உட்கார வையுங்கள்.

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். சிவப்பு மூடி டியூபில் ஒரு எம்.எல்.கூட வரவில்லை, ஊதாவில் மூன்று எம்.எல். நிற்கிறது. குழந்தை அழுகிறது, நரம்பு கிடைக்கவில்லை, அம்மா முறைக்கிறாள். இன்னொரு தடவை குத்துவதற்குப் பதில் இதிலிருந்து அதில் கொஞ்சம் ஊற்றினால் என்ன என்று தோன்றும். ஊற்றிவிடுவார்கள். பார்த்தால் தெரியாது, சீரம் சுத்தமாகத்தான் இருக்கும். செல் சிதைந்த சாம்பிள் என்றாலாவது சீரம் சிவந்திருக்கும், கண்ணுக்கே தெரியும். இதில் நம்பர் வந்த பிறகுதான் தெரியும். அப்போது நாங்கள் முதலில் பார்ப்பது கால்சியத்தைத்தான். அதுவும் விழுந்திருந்தால் வார்டுக்குப் போன்: "சிஸ்டர், புதுசா ஒண்ணு எடுத்து அனுப்புங்க."

இன்னொன்று, புத்தகத்தில் ஒரு வரிகூட இருக்காது. மீஞ்சூர், எண்ணூர் பக்கத்துக் கலெக்‌ஷன் சென்டர்களில் காலையில் எடுத்த ரத்தம் பைக்கில் சிட்டிக்குள் வர வேண்டும். நடுவில் கன்டெய்னர் லாரி வரிசை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் அது வேறு. பையன் புத்திசாலி, வெயிலில் கெட்டுவிடும் என்று பிரிக்காத ரத்தத்தை ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவான். குளிரில், செல்லின் சவ்வில் இருந்துகொண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்து சோடியத்தை வெளியே தள்ளுகிற சோடியம்-பொட்டாசியம் பம்பு மந்தமாகி, பொட்டாசியம் வெளியே கசிய ஆரம்பிக்கும். செல் உடையவில்லை, சீரம் சிவக்கவில்லை, கால்சியம் சரியாக இருக்கிறது, பொட்டாசியம் மட்டும் ஏறியிருக்கும். ஐஸ் பெட்டி இல்லாமல் வெயிலில் வந்தால் நேர் எதிர்: பம்பு சுறுசுறுப்பாகி பொட்டாசியம் குறைவாகக் காட்டும், சர்க்கரையும் இறங்கியிருக்கும்.

உங்கள் கேள்வித்தாளில் அடுத்த தடவை இதைப் போடுங்கள். யார் எழுதுகிறார்கள் பார்ப்போம்.

பழைய சிலேட்டு

நாற்பது வருடத்துக்கு மேல் பயோகெமிஸ்ட்ரி நடத்தி ஓய்வு பெற்றவன். குழாயடி அம்மாவின் ஆதங்கம் புரிகிறது, ஆனால் மருந்தில் உடன்பாடு இல்லை.

மூடியின் நிறத்தைக் கற்றுக்கொடுக்கப் பல்கலைக்கழகம் வேண்டாம். அதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். நிறம் மாறும், கம்பெனி மாறும், மெஷின் மாறும். கீலேஷன் (இடிடிஏ உலோகத்தைக் கவ்வுவது) என்றால் என்ன, நொதிக்கு உலோகம் எதற்கு, சவ்வுக்கு இரண்டு பக்கமும் அயனிகள் எப்படிப் பிரிந்து நிற்கின்றன என்பது மாறாது. அதை ஆழமாக நடத்தினால் டியூப் விஷயம் தானே வரும். வரவில்லை என்றால் ஆழம் போதவில்லை என்று பொருள்.

நம் பிள்ளைகள் ப்ராக்டிகலில் பாஸ்பரஸ் அளக்கிறார்களே, ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை. அந்த இரண்டாவது பெயர் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். எல்லாப்ரகட சுப்பாராவ், நம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்காமல், எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பதில் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம் கொடுத்து அனுப்பினார்கள். அவர் ஹார்வர்டுக்குப் போய் 1925இல் ஃபிஸ்கேவுடன் வெளியிட்ட முறை அது. இவர்கள் எந்த டியூபில் ஆரம்பித்தார்கள்? அடிப்படை வேதியியலில் ஆரம்பித்தார்கள். அதை விட்டுவிட்டுக் கவுன்டர் வேலையைப் பாடமாக்கினால், அறிவியல் பட்டம் என்ற பெயரை எடுத்துவிடலாம்.

குழாயடி

சிலேட்டு சார், வணக்கம். அடிப்படையை விடச் சொல்லவே இல்லை. அடிப்படைக்குள் போகும் வாசலை மாற்றலாமா என்றுதான் கேட்கிறேன். ஒரு வகுப்பு எப்படிப் போகும் என்று எழுதுகிறேன், அப்புறம் திட்டுங்கள்.

கிளைகாலிசிஸ், அதாவது செல் குளுக்கோஸை உடைக்கிற பாதை. பத்துப் படி. முதல் செமஸ்டரில் படம் வரைந்து மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுவார்கள். நான் அதை இப்படி ஆரம்பிக்கிறேன்: ஒருவரிடம் ரத்தம் எடுத்தாயிற்று. டியூபில் இருக்கிற ரத்தம் செத்துவிட்டதா?

வகுப்பு முழிக்கும். செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன, டியூபுக்குள்ளேயே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கின்றன என்றால் ஒருவித அதிர்ச்சி. பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். 126 இருந்தவருக்கு இரண்டு மணி நேரத்தில் 110 பக்கம் வந்துவிடும். சர்க்கரை நோய் இருக்கிறது என்று சொல்ல வேண்டியவரை இல்லை என்று அனுப்பிவிடுவோம். சரி, இதை எப்படி நிறுத்துவது? சாம்பல் மூடி டியூப், உள்ளே ஃப்ளோரைடு. ஃப்ளோரைடு எந்தப் படியில் கை வைக்கிறது? இப்போது அந்தப் பத்துப் படிப் படத்தை அவர்களாகவே நோட்டில் தேடுவார்கள். ஒன்பதாவது படி, ஈனோலேஸ் என்ற நொதி.

இதோடு விட்டால் பொது அறிவு. அடுத்த கேள்வியில்தான் பாடம் இருக்கிறது: ஃப்ளோரைடு போட்ட பிறகும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை குறைந்துகொண்டேதான் போகும். ஏன்?

கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு யாராவது ஒருவர் சொல்வார்: அடைப்பு ஒன்பதாவது படியில், குளுக்கோஸ் உள்ளே போவது முதல் படியில், கீழே அடைத்தாலும் மேலே உள்ள நொதிகள் இழுத்துக்கொண்டே இருக்குமே! அப்படியானால் உடனே நிறுத்த எங்கே அடைக்க வேண்டும்? மேலே, முதல் படி நொதியான ஹெக்சோகைனேஸ் பக்கம். எப்படி? அமிலத்தன்மையைக் கூட்டினால் ஹெக்சோகைனேஸும் பாஸ்போஃப்ரக்டோகைனேஸும் சுணங்கும். அதற்குத்தான் சிட்ரேட் சேர்த்த டியூப்கள் வந்திருக்கின்றன.

இது கவுன்டர் வேலையா சார்?

கேட் மூடியாச்சு

தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு லேப் வைத்திருக்கிறேன். வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: "மெஷின் ஒரு நம்பர் கொடுக்குது, உனக்கு நம்பிக்கை இல்லை, என்ன பண்ணுவ?" பெரும்பாலும் வரும் பதில், "மெஷின் தப்பா சொல்லாது சார்." அதோடு இன்டர்வியூ முடிந்தது.

இவ்வளவுதான் சொல்ல வந்தேன். ஃபீஸ் கட்டிப் படித்த பிள்ளைகள், பாவமாகத்தான் இருக்கிறது.

பின்பெஞ்ச் திருவொற்றியூர்

நான் மாணவன். வேறு காலேஜ், இதே கோர்ஸ். பெரியவர்கள் பேசுகிற இடம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஏன் நம்பரைச் சந்தேகப்படுவதில்லை என்று கேட்கிறீர்கள். சந்தேகப்பட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

போன செமஸ்டர் குளுக்கோஸ் ப்ராக்டிகல். ஆறு பேருக்கு ஒரு கலரிமீட்டர் (நிறத்தின் அடர்த்தியை அளக்கிற கருவி). ஒருவன் ரீடிங் எடுப்பான், மற்றவர்கள் எழுதிக்கொள்வோம். எங்களுக்கு 131 வந்தது. சீனியர் ரெக்கார்டில் 98 என்று இருக்கிறது. ஸ்டாஃபிடம் காட்டினால், "இதை எப்படி ரெக்கார்ட்ல எழுதுவ? சரி பண்ணிட்டு வா" என்றார். சரி பண்ணுவது என்றால் திரும்பச் செய்வது இல்லை. கிட் தீர்ந்துபோச்சு, நேரமும் முடிந்தது. 98 வர வேண்டும் என்றால் டெஸ்டின் ஓ.டி. (கலரிமீட்டர் காட்டுகிற நிற அடர்த்தி) எவ்வளவு இருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு எழுதுவது. கிளாஸில் எல்லோருக்கும் இது கைவந்த கலை. பென்சிலில் எழுதிவிட்டு, கையெழுத்து வாங்கும் முன்னால் பேனாவில் ஏற்றுவோம்.

உண்மையில் ஏன் 131 வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) குறைவாக எடுத்தோமா, டைமிங் தவறியதா, க்யூவெட்டில் கைரேகையா? அன்றைக்கு அதைக் கண்டுபிடித்திருந்தால் அந்த டெஸ்டே எனக்குப் புரிந்திருக்கும்.

மூன்று வருடம் இப்படிச் செய்துவிட்டு, தேர்வில் திடீரென்று பொட்டாசியம் 9.8ஐச் சந்தேகப்படு என்றால் எப்படி மேடம்? நம்பர் முன்னாடியே முடிவானது, காரணம் மட்டும்தான் நாம் எழுத வேண்டும் என்றுதான் பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பெண் பாராதைராய்டு பற்றி அரைப் பக்கம் எழுதினாள் என்றீர்களே, அவள் நீங்கள் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகத்தான் செய்திருக்கிறாள்.

நைட் டூட்டி

தம்பி, அடிச்ச பாரு.

பழைய சிலேட்டு

பின்பெஞ்ச் தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். சுப்பாராவ் பெயரை நான்தான் இழுத்துவிட்டேன், அந்தக் கதையின் மறுபாதியையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த முறையில் மாலிப்டேட் சேர்த்தால் நீல நிறம் சில நிமிடங்களில் முழுதாக வந்து நின்றுவிட வேண்டும். தசையிலிருந்து எடுத்த சாற்றில் வைத்துப் பார்த்தபோது நிற்கவில்லை. நிறம் மெதுவாக, விட்டுவிட்டு, கூடிக்கொண்டே போனது. நம் ரெக்கார்ட் நோட்டுப்படி அது தவறான ரீடிங். குறிப்பிட்ட நிமிடத்தில் எடுத்த எண்ணை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஃபிஸ்கேயும் சுப்பாராவும் ஏன் என்று கேட்டார்கள். எளிதில் உடைகிற ஏதோ ஒரு பாஸ்பேட் சேர்மம் தசையில் இருக்கிறது, அமிலத்தில் அது உடைய உடைய நிறம் ஏறுகிறது என்று தெரிந்தது. அதுதான் பாஸ்போகிரியேட்டின், 1927. அங்கிருந்து இரண்டே வருடத்தில் ஏ.டி.பி.

தம்பி, உன் 131 எந்தக் கண்டுபிடிப்பும் இல்லை, அநேகமாக பிப்பெட் கோளாறுதான். ஆனாலும் அதை அழித்து 98 எழுதச் சொன்னது அறிவியல் கற்பிக்கும் வேலை இல்லை. அந்த இடத்தில் நான் உன் கட்சி. பாடத்தைத் தலைகீழாக்கும் விஷயத்தில் இன்னும் என் கருத்து மாறவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

அப்பா எர்ணாவூர்

மன்னிக்கவும், இடையில் ஒரு சந்தேகம். மகளை இந்தக் கோர்ஸில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம். இதைப் படித்தால் டாக்டருக்குச் சமமா? பக்கத்து வீட்டில் பயோமெடிக்கல் என்றால் மெஷின் ரிப்பேர் என்கிறார்கள்.

குழாயடி

ஐயா, இரண்டும் இல்லை. மெஷினைப் பற்றியது பயோமெடிக்கல் இன்ஜினியரிங், அது வேறு படிப்பு. இது உடலும் நோயும் மூலக்கூறு அளவில் எப்படி இயங்குகின்றன என்ற படிப்பு. முடித்தால் ஆராய்ச்சி, எம்.எஸ்சி., மருந்துக் கம்பெனி, சோதனைக்கூடம் என்று போகலாம். நோயாளிக்கு மருந்து எழுத முடியாது. லேப் வேலைதான் குறி என்றால் எம்.எல்.டி. (மெடிக்கல் லேப் டெக்னாலஜி) படிப்பையும் பாருங்கள். 2021இல் வந்த துணை மருத்துவப் படிப்புகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் லேப் பணியாளர்களையும் உள்ளே கொண்டுவந்திருக்கிறது. அதனால் சேருவதற்கு முன் அந்தக் கோர்ஸுக்கு என்ன அங்கீகாரம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

மாதவரம் மாட்டாஸ்பத்திரி

கால்நடைக்காரன் நுழையலாமா? நைட் டூட்டி அண்ணன் செல் சிதைந்தால் பொட்டாசியம் ஏறும் என்ற அர்த்தத்தில் சொன்னார். மனிதனுக்குச் சரி. பெரும்பாலான நாய்களுக்கு அப்படி ஏறாது.

மனிதச் சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் பிளாஸ்மாவில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம், அதனால் உடைந்தால் கொட்டும். நாயின் முதிர்ந்த சிவப்பணுவில் சோடியம்-பொட்டாசியம் பம்பு இருப்பதில்லை. உள்ளேயும் வெளியே போலவே சோடியம்தான் அதிகம், பொட்டாசியம் குறைவு. உடைந்தாலும் பெரிதாக ஒன்றும் ஏறாது. ஆனால் அகிட்டா போன்ற சில ஜப்பானிய இனங்களில் பம்பு அப்படியே இருக்கும், அவற்றுக்கு ஏறும். ஆடுகளில் இன்னும் வேடிக்கை, ஒரே மந்தையிலேயே பொட்டாசியம் அதிகமுள்ள ரத்தமும் குறைந்த ரத்தமும் இருக்கும், மரபணுவைப் பொறுத்தது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், சிலேட்டு சார் சொல்கிற அடிப்படையும் குழாயடி மேடம் சொல்கிற டியூபும் இந்த ஒரு கேள்வியில் சேர்ந்துவிடுகின்றன: "இரண்டு சிவந்த சீரம், ஒன்று மனிதனுடையது, ஒன்று நாட்டு நாயுடையது; எதில் பொட்டாசியத்தை நம்புவாய்?" பம்பு என்ன செய்கிறது என்று தெரியாமல் இதற்கு மனப்பாடத்தில் பதில் எழுத முடியாது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், காப்பிரைட் இல்லை.

இரண்டுக்கு இரண்டு

பொது சுகாதாரப் புள்ளியியல் என் தொழில். எல்லோரும் சாம்பிளிலேயே நிற்கிறீர்கள். சாம்பிள் சுத்தம், மெஷின் சுத்தம், அப்போதும் நம்பர் ஏமாற்றும்.

நார்மல் அளவு என்று ரிப்போர்ட்டில் போடுகிறார்களே, அது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் நடுவில் இருக்கும் 95 சதவீதம். அதாவது, நல்லா இருக்கிறவர்களிலேயே இருபதில் ஒருவர் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஒரு நோயும் இல்லாதவருக்கு ஏதாவது ஒன்றில் தடித்த எழுத்து விழ 64 சதவீத வாய்ப்பு. மாஸ்டர் செக்கப் விளம்பர நோட்டீஸை வகுப்பில் கொடுத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். ஆடித் தள்ளுபடி வேறு அதில் இருக்கும்.

அடுத்தது ஸ்கிரீனிங். 10,000 பேர், அதில் 100 பேருக்குக் காசநோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய் உள்ளவரை 90 சதவீதம் பிடிக்கிற, இல்லாதவரை 95 சதவீதம் சரியாக விடுகிற டெஸ்ட். உண்மையான பாசிட்டிவ் 90. நோயில்லாத 9,900 பேரில் 495 பேருக்கும் பாசிட்டிவ் வரும். மொத்தம் 585, அதில் நோயாளி 90 பேர்தான். நூற்றுக்குப் பதினைந்து. சூத்திரமாகச் சொன்னால் முகம் திருப்புகிற மாணவர்கள் தலை எண்ணிக்கையாகச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

காசநோய் என்றதும் ஒன்று. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வை எத்தனை பல்கலைக்கழகங்களில் முழுதாக நடத்துகிறார்கள்? நெருக்கடியான வீடுகளில் வாழும் ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ். மறுபாதி தங்கள் வீட்டிலேயே. இருவருக்கும் ஒரே மாத்திரை, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் அதிகமாகப் பரவவும் இல்லை. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது, உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. ஓட்டேரி நெஞ்சக மருத்துவமனை வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்கு, ராண்டமைசேஷன் (நோயாளிகளைக் குலுக்கல்போலப் பிரிப்பது) என்றால் என்ன என்று இதைவிட எதை வைத்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம்? பாடப்புத்தகத்தில் எங்கேயோ இருக்கிற ஒரு உதாரணத்தை எடுத்து நடத்துகிறார்கள்.

பழைய சிலேட்டு

இதில் உடன்படுகிறேன். நாய் ரத்தக் கேள்வியும் எனக்குப் பிடித்துவிட்டது.

குழாயடி

நாய் கேள்வி அடுத்த இன்டர்னலில் வரும். மாணவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம்.

பின்பெஞ்ச் தம்பி சொன்னதுதான் என் கேள்விக்கு உண்மையான பதில் என்று நினைக்கிறேன். தியரியைத் தலைகீழாக்குவது அப்புறம். ரெக்கார்ட் நோட்டு இப்படி இருக்கும்வரை எந்த வகுப்பும் ஒட்டாது. துறையில் பேசி, ஒரே ஒரு ப்ராக்டிகலை மட்டும் என் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். அதில் செய்யப்போவது:

எல்லா பேட்ச்சுக்கும் ஒரே கண்ட்ரோல் சீரம், அதாவது அளவு முன்பே தெரிந்த சீரம். குளுக்கோஸ், ஜி.ஓ.டி.-பி.ஓ.டி. என்ற இரண்டு நொதிகளை வைத்து அளக்கிற முறை. வந்த ஓ.டி.யை அப்படியே பேனாவில் ரெக்கார்டில் எழுத வேண்டும், பென்சில் கூடாது. தவறாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடிக்கலாம், பழைய எண் தெரிய வேண்டும். எல்லோருடைய எண்ணும் போர்டில். அதை வைத்து சராசரி, திட்ட விலக்கம், சராசரியிலிருந்து ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் லெவி-ஜென்னிங்ஸ் சார்ட். எண் பொருந்துவதற்கு மார்க் கிடையாது. விலகி நின்ற பேட்ச், ஏன் விலகியது என்று மூன்று காரணம் சொல்லி, அதில் ஒன்றைச் சோதித்துப் பார்த்தால் முழு மார்க்.

ஒரு பேட்ச்சுக்குக் கெட்டுப்போன ரியேஜன்ட் (சோதனைக்கான வேதிக் கரைசல்) கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

பழைய சிலேட்டு

கெட்டதைத் தெரிந்தே கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆசிரியர் ஏமாற்றினார் என்ற எண்ணம் ஒரு தடவை விழுந்தால் போகாது.

குழாயடி

சொல்லிவிட்டுத்தான் சார் கொடுப்பேன். "ஏதோ ஒரு பேட்ச்சில் ஒரு கோளாறு இருக்கிறது, எதில் என்று சொல்லமாட்டேன்." அப்போது எல்லா பேட்ச்சும் தன் டியூபைச் சந்தேகத்தோடு பார்க்கும். அதுதானே வேண்டும்?

பழைய சிலேட்டு

சரி, அப்படியானால் ஆட்சேபம் இல்லை.

கேட் மூடியாச்சு

கண்ட்ரோல் சீரம் விலை தெரியுமா மேடம்? முழு வகுப்புக்கும் என்றால் ஸ்டோர்ஸில் கையெழுத்து வாங்குவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். முதல் வருடம் குளுக்கோஸ் கரைசலை நீங்களே தயாரித்து, ஒரே குடுவையிலிருந்து பிரித்துக் கொடுங்கள். உங்கள் நோக்கத்துக்கு அது போதும்.

பின்பெஞ்ச் திருவொற்றியூர்

மேடம், எங்கள் காலேஜில் சொந்த ரத்தத்தைக் குத்தித்தான் ஹீமோகுளோபின், ரத்த வகை எல்லாம் பார்க்கிறோம். உங்கள் ப்ராக்டிகலில் அது வேண்டாம் என்று வைத்திருக்கிறீர்களே, அது நல்லது. எங்கள் கிளாஸில் ஒருத்திக்கு ஹீமோகுளோபின் 7 வந்தது. அதைச் சத்தமாகப் படித்து போர்டில் எழுதிவிட்டார்கள். அவள் அடுத்த நாள் வரவில்லை.

நைட் டூட்டி

இது முக்கியமான விஷயம், இழை பெரிதாகிவிட்டதால் சுருக்கமாக. மாணவர் ரத்தம் என்றால் முதலில் சம்மதம், மாட்டேன் என்றால் மார்க் குறையக்கூடாது. ரிசல்ட் அவருக்கு மட்டும், தனியாக. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட பிறகுதான் ஊசியைத் தொட வேண்டும். கழிவுக்கு 2016 விதிகள் கல்லூரி லேபுக்கும் பொருந்தும்: ஊசி, லான்செட் எல்லாம் துளைக்க முடியாத வெள்ளை டப்பா, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பை, பிளாஸ்டிக் டியூப் சிவப்பு பை. எங்களிடம் ட்ரெயினிங்குக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஊசியைத் திரும்ப மூடக்கூடாது என்பதே தெரிவதில்லை.

குழாயடி

அந்த ஹீமோகுளோபின் விஷயத்துக்கு எங்கள் துறைக் கூட்டத்தில் ஒரு தனி விதியே கொண்டுவரப் பார்க்கிறேன். தம்பி, அந்தப் பெண்ணை யாராவது மருத்துவரிடம் அழைத்துப் போனார்களா? 7 என்பது சும்மா விடுகிற அளவு இல்லை.

நைட் டூட்டி அண்ணே, உங்களிடம் ஒரு உதவி. பழைய கண்ட்ரோல் சார்ட் கொஞ்சம் கிடைக்குமா? வகுப்பில் போட்டது எல்லாம் ஒழுங்காக வந்துவிடும். நிஜமாக ஒரு மாதம் ஓடிய சார்ட், நடுவில் ரியேஜன்ட் லாட் மாறியது, ஏ.சி. நின்றது, எல்லாம் தெரிகிற மாதிரி. நோயாளி விவரம் எதுவும் வேண்டாம்.

பின்பெஞ்ச் திருவொற்றியூர்

அவளுடைய ஹாஸ்டல் ரூம்மேட்தான் கூட்டிக்கொண்டு போனாள் மேடம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள், இப்போது பரவாயில்லை.

நைட் டூட்டி

கண்ட்ரோல் சார்ட் மட்டும் என்றால் சிக்கல் இருக்காது என்று நினைக்கிறேன், ஆனால் நான் முடிவு சொல்ல முடியாது. இன்சார்ஜ் மேடத்திடம்தான் கேட்க வேண்டும். துறைத் தலைவர் கையெழுத்தோடு லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொண்டுவாருங்கள். திங்கட்கிழமை வேண்டாம், ஓ.பி. கூட்டத்தில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். புதன் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.